சேமித்து எடுத்த கடனும் தேடி வந்த கடனும்

(ஆவடியில் மகளிர் குழுப் பொறுப்பாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆவடி ரயில் நிலையத்தில் திருவள்ளூர் வண்டி ஏறினால் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டி செவ்வாப்பேட்டை ரோடு வரும். அந்தப் பக்கத்து ஊர்தான் திரூர். நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் என்று விவசாயக் குடும்பங்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அந்த ஊருக்கு உண்டு. 1904 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் அங்கேதான் தொடங்கப்பட்டது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். ஏழைகளுக்குச் சிறு கடன் என்ற பேச்சை எடுத்ததும் எல்லோரும் வங்கதேசத்தைச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே நம் மாவட்டத்தில் ஒரு கிராமம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கு நின்றிருக்கிறது.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சென்னை மாகாண அதிகாரி ஒருவர் இருந்தார், பிரெடரிக் நிக்கல்சன். விவசாயி ஏன் வட்டிக்காரரிடமே போய் விழுகிறான், அவனுக்கு வங்கி அமைக்க முடியுமா என்று ஆராயும்படி அரசு அவரைப் பணித்தது. ஐரோப்பிய நாடுகளின் அனுபவத்தைப் படித்து 1895லும் 1897லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரெய்ஃபைசன் என்ற கிராமத் தலைவர் ஏழை உழவர்களைச் சேர்த்து நடத்திய கடன் சங்கங்களே நமக்கு வழி என்பது அவர் கண்ட முடிவு. ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள் சேர வேண்டும். தங்கள் பணத்தைப் போட வேண்டும். அதைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்து, தாங்களே கணக்கு பார்க்க வேண்டும். அடிப்படை இவ்வளவுதான். இதில் பணம் யாருடையது என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் இருக்கிறது. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். கடன் வறுமையைக் குறைக்குமா என்று கேட்பதற்கு முன்னால், அது யார் பணம், அதன் தவணையை முடிவு செய்வது யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஏழைக்குக் கடனே கூடாது என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் தண்டல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பூந்தமல்லி பேருந்து நிலையத்தைச் சுற்றியும், அம்பத்தூர் மார்க்கெட்டிலும், பாடி பாலத்தடியிலும் தினம் நடக்கிற கணக்கு இது. எழுதிக்கொள்வது 10,000 ரூபாய். கையில் கொடுப்பது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. நூறு நாளுக்கும் சராசரி பார்த்தால் வாங்கியவர் கையில் இருந்த பணம் 4,250 ரூபாய்தான். அதற்கு மூன்று மாதம் பத்து நாளில் 1,500 வட்டி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபதைத் தாண்டுகிறது. இதே 8,500 ரூபாயை மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும் உள்கடனாக மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் எடுத்து, அதே நூறு நாளில் கட்டி முடித்தால் வட்டி முந்நூறு ரூபாயைத் தொடாது. ஆயிரத்து இருநூறு ரூபாய் வீட்டில் தங்குகிறது. ஆண்டு முழுக்கத் தண்டலிலேயே ஓடுகிற ஒரு குடும்பத்துக்கு இது மூன்றரை மடங்கு.

பூக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். விடியற்காலை மூன்றரை மணிக்குக் கிளம்பிக் கோயம்பேடு போய் மல்லி, கனகாம்பரம், சாமந்தி எடுத்து, வாழைநாரை நனைத்து வைத்து, பஸ்ஸில் வரும்போதே கட்டத் தொடங்கிவிடுவார். ஆடி மாதம் முழுக்கத் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வாசலில் அவருக்கு நல்ல வியாபாரம். அந்த மாதம் நாளுக்கு நூறு கட்டுவது அவருக்குப் பொருட்டே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ விலை ஏறும், வாங்க ஆள் வராது, வாங்கிய பூ சாயங்காலத்துக்குள் அழுகும். அப்போதும் அதே நூறு. மழை நாளில் தண்டல்காரருக்குக் கொடுக்க ஒரு நுண்கடன் கம்பெனியின் குழு லோனிலிருந்து எடுத்தார். குழு லோன் டியூவுக்கு இன்னொரு கம்பெனியில் எடுத்தார். அந்த டியூவுக்குத் தோட்டை அடகு வைத்தார். அவர் ஒரு நாளும் டியூ தவறியதில்லை. மூன்று அட்டையிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. கடன் கொடுத்தவர்களின் ஏட்டில் அவர் வெற்றிக் கதை. காதில் தோடு இல்லை.

கடன் திரும்பி வருகிறது என்பதை வறுமை குறைகிறது என்பதற்குச் சாட்சியாக வைக்கும் பழக்கம் இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். கட்டுகிறார்கள், உண்மைதான். எதை விற்றுக் கட்டுகிறார்கள், யாரிடம் வாங்கிக் கட்டுகிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

நம் மாநிலத்தில் இந்த வேலை எப்படி வளர்ந்தது என்பதை மாணவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1978ல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் பேரவையைத் தொடங்கினார். மீன் விற்கிறவர்கள், காய்கறிக் கூடைக்காரர்கள், இட்லி சுட்டு விற்கிறவர்கள் ஆகியோரைத் திரட்டி முதலில் வங்கிகளிடம் கடன் வாங்கிக் கொடுத்தார். வங்கிகளின் போக்கைப் பார்த்தபின், பெண்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் வேண்டும் என்று 1981ல் அதையும் அமைத்தார். 1983ல் அரசு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை உருவாக்கியது. 1989ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992ல் நபார்டு வங்கி ஐந்நூறு குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்தது. 1997க்குப் பிறகு மகளிர் திட்டம் மாநிலமெங்கும் பரவியது.

தருமபுரியில் நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது பணம் இல்லை, நோட்டு. பெண்கள் வாரம் ஐந்து, பத்து ரூபாய் என்று சந்தா போட்டார்கள். யாருக்கு எவ்வளவு உள்கடன் என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துக் கற்றுக்கொண்டார்கள். குழுக் கூட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். ஒருத்தி மகள் பிரசவத்துக்கு ஐயாயிரம் கேட்கிறாள். இன்னொருத்தி மாட்டுத் தீவனத்துக்கு மூவாயிரம் கேட்கிறாள். பெட்டியில் இருப்பது ஆறாயிரம். "உன் மாடு இன்னும் பத்து நாள் தாங்கும், அவ பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு" என்று மூன்றாமவள் சொல்கிறாள். முடிவாகிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எந்தக் கம்பெனியின் மென்பொருளாலும் முடியாது. அது அந்தத் தெருவில் குடியிருப்பவளுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. தீவனத்துக்குக் கேட்டவள் அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறாள். அந்த வட்டியும் குழுவுக்கே வருகிறது.

சேமிப்பிலிருந்து கடன் எடுப்பது ஒரு வழி. இரண்டாவது வழி வேறு. 1976ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முகமது யூனுஸ் தன் கைப்பணத்தைக் கடனாகக் கொடுத்துத் தொடங்கினார். 1983ல் அது கிராமீன் வங்கி ஆனது. 2006ல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சொத்து இல்லாத பெண்ணை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தவர் அவர். அந்த மரியாதையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அந்த முறையை இங்கே பல நிறுவனங்கள் எடுத்தபோது, கடன் முன்னால் வந்தது, சேமிப்பு பின்னால் போனது, பல இடங்களில் காணாமலே போனது. வெளியில் திரட்டிய முதலீடு ஊருக்குள் வரும்போது அதற்கு அவசரம் இருக்கும். இத்தனை சென்டர், இத்தனை உறுப்பினர், இந்த மாதத்துக்குள் என்று களப்பணியாளருக்கு இலக்கு இருக்கும். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அவரும் ஒரு கிராமத்திலிருந்து பைக்கில் வருகிற இருபத்து மூன்று வயதுப் பையன்தான். இலக்கு அவரையும் துரத்துகிறது.

2010ல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம். ஒரே வீட்டுக்கு நாலு நிறுவனம் கடன் கொடுத்தது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை அவள் வீட்டு வாசலில் உட்கார வைத்தார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது, வசூல் நின்றது, தொழிலே ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டு மாலேகம் குழுவின் அறிக்கையும், அதைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கியின் தனி விதிகளும் வந்தன. நம் பக்கத்திலும் துயரம் குறைவில்லை. 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. 2025ல் கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் வேண்டும். அதைப் படித்துச் சொல்ல ஊரில் ஒரு ஆளும் வேண்டும்.

சரி, நல்லபடியாக நடத்தினால் சிறு கடன் வறுமையைக் குறைக்கிறதா? ஐதராபாத்தில் இதை முறையாகச் சோதித்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் தங்கள் சகாக்களோடு 104 குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதியில் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. பிறகு இரண்டு பாதியையும் ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் அதை விரிவாக்கினார்கள். வீட்டுக்குத் தேவையான நீடித்த பொருள்கள் வாங்கினார்கள். வெற்றிலை, புகையிலை, டீ போன்ற சில்லறைச் செலவு குறைந்தது. ஆனால் குடும்பத்தின் மொத்த நுகர்வு உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பிலோ, உடல்நலத்திலோ, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. கடன் கெடுக்கவும் இல்லை, வாழ்க்கையைப் புரட்டிப் போடவும் இல்லை. தமிழ்நாட்டில், பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களில் இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் ஆகியோர் பல ஆண்டுகள் தங்கிச் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கடன் பெண் பெயரில் வருகிறது; அடைக்கும் பொறுப்பும், அதற்காக நாலு பேரிடம் கேட்கும் அவமானமும் அவள் தலையில் விழுகிறது. இது வீட்டு வேலையைப்போலக் கணக்கில் வராத இன்னொரு வேலை.

இந்த முடிவுகளில் எனக்கு வியப்பு இல்லை. பத்தாயிரம் ரூபாயில் புதிதாகத் தையல் எந்திரம் வாங்கினால் துணி தைக்கக் கொடுக்க ஆள் வேண்டாமா? ஒரே தெருவில் ஆறு பேர் கடன் வாங்கி ஆறு இட்லிக் கடை போட்டால் சாப்பிடுகிறவர்கள் ஆறு மடங்கு ஆகிவிடுவார்களா? ஊரில் வருமானத்துக்கு வழி இருந்தால் கடன் அதை விரைவுபடுத்தும். வழி இல்லாத இடத்தில் கடன் வழி போடாது.

இதை நம் பகுதியில் மிகத் தெளிவாகப் பேசியவர் குத்தம்பாக்கம் இளங்கோ. பூந்தமல்லி ஒன்றியத்தில் இருக்கிற அந்த ஊராட்சியின் தலைவராக 1996ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ரசாயனப் பொறியாளர், மத்திய ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். சாராயம் காய்ச்சுவது தொழிலாகிப்போன ஊர் அது. அங்கே வீடு கட்ட வந்த அரசுப் பணத்தை வெளியூர்ச் செங்கலுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கொடுக்காமல், உள்ளூர் மண்ணை அழுத்திக் கற்களாக்கி, உள்ளூர்க்காரர்களுக்கே கூலி கொடுத்துக் கட்டினார்கள். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்து ஒன்றுக்கொன்று விற்றுக்கொண்டால் பணம் ஊரிலேயே சுற்றும் என்பது அவருடைய கருத்து. அது முழுமையாக நிறைவேறியதா என்று கேட்டால், இல்லை. ஆனால் சிறு கடனைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொரு வங்கி அதிகாரியும் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். வாங்கிய கடன் எந்தச் சந்தையில் போய் நிற்கப் போகிறது?

நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தபோது, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இன்று அதே வட்டாரத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. நாள் சம்பளம், ஆர்டர் இல்லையென்றால் வேலை இல்லை. அயப்பாக்கம், வெள்ளானூர், மோரை, பாண்டேஸ்வரம் போன்ற ஊர்களில் ஏர் பிடித்த குடும்பங்களுக்கு நிலமும் போயிற்று, நிலையான சம்பளமும் இல்லை. கிராமமா நகரமா என்றும் தெளிவில்லை. அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019ல் மாநகராட்சி ஆனது. ஊராட்சி நகரத்தோடு சேரும்போது அங்கிருக்கும் குழு ஊரகத் திட்டத்திலிருந்து நகர்ப்புறத் திட்டத்துக்கு மாற வேண்டும். அலுவலகம் மாறுகிறது, அதிகாரி மாறுகிறார், கோப்பு பயணப்படுகிறது. தகுதியுள்ள ஊரகக் குழுவுக்கு 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் உண்டு. அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது. தனியார் கடன் ஒரே வாரத்தில் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் பணம் தேவைப்படுகிற தாய் எதை எடுப்பாள்? அவள் மேல் குற்றம் சொல்லாதீர்கள். மெதுவாக வரும் நியாயமான பணத்துக்குப் பதில் வேகமாக வரும் அதிக வட்டிப் பணத்தை அவள் கையில் திணித்தது நம் நிர்வாகம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. பட்டறைகள் நாள்கணக்கில் ஓடவில்லை. அரசு நிவாரணமாக 6,000 ரூபாய் கொடுத்தது. கொரோனா காலத்தில் 2020 ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. மழையும் நோயும் வரும் என்று தெரிந்த ஊரில், ஆண்டுக்கு இரண்டு தவணை விடுமுறையை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் என்ன? விவசாயக் கடனுக்கு அறுவடை பார்த்துத் தவணை வைக்கிறோம். பூக்காரருக்கு ஆடியும் கார்த்திகையும் பார்த்துத் தவணை வைப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை.

இனி நீங்கள் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியவை. "ஒரு ரூபாய் வட்டிதான் அக்கா" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 40,000 ரூபாயை இரண்டு ஆண்டில் கட்டும்படி, குறையும் அசலுக்கு ஆண்டுக்கு 24 சதவீதத்தில் எடுத்தால் மாதத் தவணை 2,115 ரூபாய். மொத்தம் 10,700 ரூபாய்க்கு மேல் வட்டி போகும். முழு அசலுக்கும் பரப்பிச் சொன்னால் அது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்ச் சொச்சம் என்று ஆகிவிடும். குழுவின் இரண்டு ரூபாய் வட்டியைவிட மலிவு என்று தோன்றும். இரண்டும் ஒன்றே. ஆகவே ஆண்டு வட்டி எவ்வளவு, குறையும் அசலுக்கா என்று கேளுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, எல்லாக் கட்டணமும் எழுதிய விவரத் தாளை அவர்கள் கொடுக்க வேண்டும். கடன் அட்டை உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுக்கும் கடன்தான் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினரையோ அக்கம்பக்கத்தையோ தொந்தரவு செய்யக் கூடாது. புகாருக்கு ரிசர்வ் வங்கியின் தொலைபேசி எண் 14448.

தவணைக்கு வருமானத்தில் பாதி என்பதே எனக்கு அதிகமாகப் படுகிறது. மாதம் 20,000 வருகிற வீட்டில் பத்தாயிரம் டியூவுக்குப் போனால், மீதியில் வாடகை கொடுத்து எதைச் சமைப்பது? அதிலும் இந்த வரம்பு காகிதத்தில் தெரிகிற கடனுக்குத்தான். தண்டலும், நகை அடகும், அடுத்தவளுக்காக உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்த கடனும் எந்தக் கணினியிலும் தெரியாது. குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எனவே குழு ஊக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். தீர்மான நோட்டின் கடைசியில் சில பக்கங்களை ஒதுக்குங்கள். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு பக்கம். வங்கிக் கடன், கம்பெனிக் கடன், தண்டல், அடகு, கைமாற்று, பிறருக்காக எடுத்தது என்று ஒவ்வொன்றின் மாதத் தவணையையும், வீட்டு வருமானத்தையும் எழுதச் சொல்லுங்கள். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருத்தியும் உண்மையைச் சொல்ல மாட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். யாருக்குத் தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதோ, அவருக்கு உள்கடனில் முதல் இடம் கொடுத்து, அதிக வட்டிக் கடனை, பெரும்பாலும் அது தண்டலாகத்தான் இருக்கும், முதலில் அடைக்கச் சொல்லுங்கள். அடைத்தபின் தண்டலுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த நூறில் இருபது ரூபாயாவது அவர் பெயரில் சந்தாவாக வரட்டும். இந்த வேலையை அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம். அரசாணை தேவையில்லை.